பழைய காரின் தோல் ஆசனங்களைப் புதுப்பிக்கும் முறை

பழைய காரின் தோல் ஆசனம் வறண்டு வெளிறியிருப்பதைக் கண்டதும் நம்மவரில் பலர் முதலில் செய்வது, வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயை எடுத்துத் தாராளமாகத் தேய்த்துவிடுவதுதான். தேய்த்த அன்று ஆசனம் பளபளக்கும் என்பது வாஸ்தவமே. ஆயினும் அவ்வெண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்ப்பதோடு, பின்னால் பூசவேண்டிய வர்ணமும் பற்றாதபடி செய்துவிடும். வெளிறுவது பெரும்பாலும் தோலின்மேல் தொழிற்சாலையில் பூசப்பட்ட வர்ணப் படலம். வறள்வது அதன் கீழுள்ள தோல். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. தோலுக்குரியதை முதலிலும் படலத்துக்குரியதைப் பின்னரும் செய்யவேண்டும் என்பதே இவ்வேலையின் சூட்சுமம்.

லண்டனில் 1878-ல் தொடங்கிய கானலி நிறுவனத்தாரின் தோல், ஜாகுவார், பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் முதலிய கார்களை நெடுங்காலம் அலங்கரித்தது. 1950, 60-களின் அத்தகைய பிரிட்டிஷ் கார் ஒன்று உங்களிடம் இருக்குமானால், ஆசனம் முழுவதும் தோல்தான் என்று நம்பிவிடலாகாது. உட்காரும் பாகமும் சாயும் பாகமும் தோலாயிருக்க, ஓரங்களும் முதுகுப்புறமும் ரெக்ஸினாக இருப்பது அக்காலத்தில் சகஜம். விரலால் அழுத்தினால் தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும்; ரெக்ஸின் வெறுமே குழியும். அடுத்து, தேய்ந்த இடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி முத்தாக நின்றால் படலம் இன்னும் உயிரோடிருக்கிறது, மேலே எதைப் பூசினாலும் உள்ளே இறங்காது. கறுத்து உள்ளே சுவறினால் அங்கே படலம் போய்விட்டது என்று கொள்ளலாம். அக்காலத்துப் பூச்சு பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் வகையாதலால், வயதேற ஏற நெகிழ்ச்சி இழந்து மயிரிழை வெடிப்புகளாகப் பிளப்பது அதன் சுபாவம். தோலே காகிதம்போல் கிழிகிறதென்றால் மேற்கொண்டு சிரமப்படாமல் குஷன் வேலைக்காரரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

சுத்தம் செய்கையில் துணி சோப்பு கூடாது. பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உள்ளது, காரம் அதைக் கெடுக்கும். தூசியை உறிஞ்சி எடுத்தபின், தோலுக்கென்று விற்கும் மென்மையான திரவத்தின் நுரையை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். தையல் மடிப்புகளில் நீர் தேங்கினால் நூல் இற்றுப்போகும்.

துளி சுவறிய இடங்களுக்குத் தோலை மிருதுவாக்கும் தைலத்தை மெல்லியதாகத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் கையால் மெள்ளப் பிசைந்துகொடுத்து, மீண்டும் தடவவேண்டும். பலகையாய் இறுகியிருந்தால் உறையைக் கழற்றி உட்புறமாகத் தடவுவதே பலன் தரும். அங்கே தடுக்கும் படலம் கிடையாது. இக்கட்டத்தில் அவசரம் அறவே ஆகாது. தோல் தாராளமாக வளைகிறவரையில் வர்ணப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். விறைத்த தோலின்மேல் பூசிய வர்ணம், யாராவது உட்கார்ந்த மாத்திரத்தில் பழைய வெடிப்பின் வழியே மீண்டும் பிளந்துகொள்ளும்.

தைலம் முற்றிலும் உள்ளிழுக்கப்படச் சில நாட்கள் விட்டபின், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மேற்பரப்பின் பிசுக்கைத் துடைத்தெடுத்து, 600-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பை மட்டும் இலேசாகத் தேயுங்கள். ஆழ்ந்த வெடிப்புகளில் தோலுக்குரிய நெகிழும் பட்டியை மெல்லிய பூச்சுகளாக நிரப்பி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் தேய்த்துச் சமமாக்கவேண்டும். தகரத்துக்கு வைக்கும் பட்டி வளையாது, உதிர்ந்துவிடும்.

வர்ணத்தை முடிவுசெய்ய ஆசனத்தின் அடிமடிப்பைப் பிரித்துப் பாருங்கள். வெயில் காணாத அந்த இடத்தில்தான் பூர்வ நிறம் தெரியும். நீரில் கலந்த தோல் வர்ணத்தை ஸ்பாஞ்சில் சிறிதளவே எடுத்து, தேய்க்காமல் ஒற்றி, சுருக்கங்களைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, முற்றும் உலர்ந்தபின் அடுத்ததாக, மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஷூ பாலிஷைக்கொண்டு இவ்வேலையை மலிவாக முடித்துவிடலாமென்று சொல்கிற நண்பர்கள் எங்கும் உண்டு. வெள்ளை வேட்டியோடு அந்த ஆசனத்தில் முதலில் அவர்களையே உட்காரச் சொல்லலாம்.

வர்ணத்தின்மேல் நிறமற்ற காப்புப் பூச்சு அவசியம். கண்ணாடிபோல் மினுங்குவதைத் தவிர்த்து, மங்கிய மினுக்கு உள்ளதைத் தேர்ந்துகொண்டால் பழைய தோலின் கௌரவம் கெடாது. பூசி ஒரு நாள் கழித்து உட்காரலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு நீர் காட்ட வேண்டாம். ஓட்டுபவர் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம்தான் எப்போதும் முதலில் தேயுமாதலால், மிஞ்சிய வர்ணத்தைக் காற்றுப் புகாத சிறு புட்டியில் அடைத்து, கலவையின் அளவையும் மேலே எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.