மாநிலம் மாறும் மோட்டார் சைக்கிள்: பதிவெண்ணுக்கு முன் பார்க்க வேண்டியவை

நாக்பூரிலிருந்து டெல்லிக்குப் பணிமாற்றம் பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எமது கிளைக்கு வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் அவருக்கு முன்பே டெல்லி வந்து சேர்ந்துவிட்டது. பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் ஏற்ற அரை நாள் போதுமானதாக இருந்தது. பிறகு பதினான்கு மாதங்கள் அதே மகாராஷ்டிரப் பதிவெண்ணுடன் ஓட்டினார். வாகனக் கடனை அவர் நாக்பூரிலேயே தீர்த்திருந்தார். ஆனால் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை. டெல்லி அலுவலகம் நாக்பூரின் தடையில்லாச் சான்றைக் கேட்டது. நாக்பூர் அலுவலகம் வங்கியின் கடிதத்தைக் கேட்டது. விடுப்பெடுத்து இருமுறை நாக்பூர் சென்று வந்த பிறகே வேலை முடிந்தது. ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் நேர்ந்திராது.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்படுமானால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். முகவரி மாற்றத்துக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. 49ஆம் பிரிவு அதற்கு 30 நாட்களே தருகிறது. இந்த இரண்டு கெடுவையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். வண்டி புதிய ஊருக்கு வந்த நாளைக் காட்டும் ரயில் பார்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி எப்போது வந்தது என்று சாலையில் கேட்கும்போது அதுவே கைகொடுக்கும் சாட்சி.

கடன் நிலுவையில் உள்ள வண்டியானால் முதற்படி வங்கிதான். 51ஆம் பிரிவின்படி, பதிவெண் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றைப் பெற வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் வங்கி அதை வழங்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிடில் சான்று வழங்கப்பட்டதாகவே சட்டம் கருதும். வங்கி அலுவலர்களாகிய நாங்களே இதைச் சொல்வது எமக்கே பாதகமாகலாம். எனினும் வாடிக்கையாளர் அறிய வேண்டிய உரிமை இது. ஆகவே விண்ணப்பத்தின் நகலில் கிளையின் தேதி முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்திருந்தால், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35ஐக் கொடுத்து, அடைமானக் குறிப்பைப் பழைய ஊரிலேயே நீக்கிவிடுவது நலம்.

அடுத்தது பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. இதற்குரியது படிவம் 28. வண்டியின் சேசிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சும் அத்துடன் வேண்டப்படும். திருட்டு வழக்கு ஏதுமில்லை என்ற காவல்துறை அறிக்கையையும் வரிப் பாக்கி இல்லை என்பதையும் பார்த்த பின்னரே அலுவலகம் சான்று தரும். நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களை அதற்கு முன்பே கட்டிவிடுங்கள். புதிய மாநிலத்தில் கொடுக்க வேண்டியது படிவம் 27. விண்ணப்பங்களின் பெரும்பகுதி இப்போது பரிவாகன் இணையதளம் வழியாகவே நடைபெறுகிறது. ஆனால் படிவம் 29, 30 ஆகியவற்றில் வெறுமனே கையொப்பமிட்டு இடைத்தரகரிடம் கொடுப்பது இன்றும் வழக்கமாக உள்ளது. அவை வண்டியை விற்பதற்கான படிவங்கள். பதிவெண் மாற்றத்துக்கு அவற்றுடன் தொடர்பே இல்லை.

இனி, எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் ஐயத்துக்கு வருவோம். "என் வண்டி பி.எஸ்.4. பி.எஸ்.6 வந்த பிறகு அதை வேறு மாநிலத்தில் பதிவு செய்ய முடியுமா?" 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளின் விற்பனையையும் பதிவையும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 வண்டிகளின் விற்பனையையும் பதிவையும் உச்ச நீதிமன்றம் தடுத்தது உண்மையே. ஆனால் அந்தத் தடை முதற்பதிவுக்கு உரியது. விற்பனையாகாமல் கடையில் தேங்கிய புதிய வண்டிகளை உத்தேசித்து எழுந்தது. கெடுவுக்கு முன்பே முறையாகப் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மாநிலம் மாறும்போது அது புதிதாகப் பிறப்பதில்லை. எண் மட்டுமே மாறுகிறது. முதற்பதிவுத் தேதி புதிய சான்றிலும் அதே தேதியாகத்தான் இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வசிக்கும் வாடிக்கையாளர்கள் சிலர், அங்கே ஓடிய தூரத்தைப் பார்ப்பார்களே என்று கேட்பதுண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் அப்படியொரு விதி உள்ளது. அம்மாநிலத்தின் புகை விதிகளுக்கு உட்பட்டதென்று சான்று பெறாத வெளிமாநில மோட்டார் சைக்கிள் 7,500 மைல், அதாவது சுமார் 12,000 கிலோமீட்டர் ஓடியிராவிட்டால் அது புதிய வண்டியாகவே கருதப்படும். அங்கு வசிப்பவர் அதைப் பதிவு செய்ய இயலாது. வாரிசுரிமையாக வந்த வண்டி போன்ற சில விலக்குகள் உண்டு. கடுமையான விதியைத் தவிர்க்க அண்டை மாநிலத்தில் புதிய வண்டியை வாங்கி வருவதைத் தடுப்பதே அதன் நோக்கம். இந்தியாவில் 2020 முதல் நாடெங்கும் ஒரே புகை விதி என்பதால் மீட்டரைப் பார்க்கும் தேவை எழவில்லை. இங்கே பார்க்கப்படுவது வயது.

வயதுக் கணக்கில் மிகக் கண்டிப்பான இடம் டெல்லி. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இலும் இது தொடர்பாக உச்ச நீதிமன்றம் புதிய ஆணைகள் பிறப்பித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம். வயது எண்ணப்படுவது முதற்பதிவு நாளிலிருந்துதான். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அன்று. 2012இல் பதிவான வண்டியை இப்போது டெல்லிக்குக் கொண்டு செல்வது, எமது கருத்தில், பணத்தைப் புகையாக்குவதே. அதைப் பழைய ஊரிலேயே விற்றுவிடலாம். விற்கும்போது பெயர் மாற்றத்தை முடித்துவிட்டே புறப்படுங்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2018இலும் வலியுறுத்தியுள்ளது.

எந்த மாநிலமாயினும் செல்லத்தக்க புகைச் சான்று கையில் இருக்கட்டும். முதற்பதிவிலிருந்து ஓராண்டு கழிந்ததும் அது கட்டாயமாகிறது. இல்லாவிடில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

பணக் கணக்கில் பலர் கோட்டைவிடுவது ஆயுட்கால வரியில்தான். 15 ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரி செலுத்தி மூன்றாம் ஆண்டு முடிவில் ஊர் மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர்விகிதத்தில் பார்த்தால் எஞ்சிய 12 ஆண்டுக்குரியது 7,200 ரூபாய். புதிய மாநிலம் வண்டியின் வயதைக் கழித்துத் தன் வரியைக் கேட்கும். பழைய மாநிலத்திடம் எஞ்சியதை நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். திருப்பித் தரும் விகிதமும் கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். புதிய பதிவுச் சான்றின் நகலுடன் உடனே விண்ணப்பியுங்கள். பழைய வரி ரசீதைத் தொலைத்தவருக்கு இந்தப் பணம் எட்டாக்கனி.

அடிக்கடி பணிமாற்றம் பெறுவோருக்கு 2021இல் அறிமுகமான பி.எச். வரிசைப் பதிவெண் நல்ல வழி. அரசு, பாதுகாப்புத் துறை, பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் அதைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் ஏற்கெனவே பதிவான வண்டிகளையும் இவ்வரிசைக்கு மாற்ற இடமுண்டு.

புதிய எண் கிடைத்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பாலிசியில் பழைய எண் இருந்தால் இழப்பீடு கோரும் நாளில் கேள்விகள் எழும். டெல்லி, மும்பை, பெங்களூரு, புனே உள்ளிட்ட எட்டு நகரங்கள் ஒரு மண்டலமாகவும் ஏனைய இடங்கள் மற்றொன்றாகவும் கொள்ளப்படுவதால், நாக்பூரிலிருந்து வந்த வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் சற்று உயரக்கூடும். கடன் இன்னும் நிலுவையில் இருந்தால், புதிய பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் சரியாக ஏறியுள்ளதா எனப் பார்த்து, அதன் நகலொன்றை உங்கள் கடன் கணக்குள்ள கிளையில் ஒப்படைத்துவிடுங்கள்.