விலைப்பலகையும் விலைத்திரையும்

மும்பையின் மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அதிகாலையில் இட்லி அவித்துத் தெருக்களுக்குக் கொண்டு சென்று விற்போர் தாராவியில் பலர். சிறிய சிற்றுண்டிக் கடை நடத்துவோரும் உளர். அக்கடைகளுக்குத் தமிழர் மட்டுமல்லாது மராத்தியரும் குசராத்தியரும் இந்தி பேசுவோரும் வருகின்றனர்.

கடைச் சுவரில் கரும்பலகையை மாட்டி, உணவின் பெயரையும் விலையையும் சுண்ணக்கட்டியால் எழுதுதல் பழைய வழக்கம். பெரிய உணவகங்களிலோ ஒளிரும் திரைகள் இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளன. அவற்றுக்குப் பெருஞ்செலவாகும் என்று எண்ணிச் சிறுகடையினர் தயங்குவதுண்டு. வீட்டில் பயன்படும் எளிய தொலைக்காட்சியே இப்பணிக்குப் போதும். ஆயினும் திரையைவிட, அதில் எழுதும் முறையே நாம் பெரிதும் கவனிக்கத்தக்கது.

அமைக்கும் முறை

பென் டிரைவ் செருகும் வசதியுள்ள 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றும் பென் டிரைவ் ஒன்றும் தேவை. உணவுப் பட்டியலைக் கணினியிலோ கைப்பேசியிலோ எழுதி, 1920 × 1080 படப்புள்ளி அளவுள்ள படமாகச் சேமித்தல் வேண்டும். எழுத்துக்கோப்பாகவே கொடுத்தால், தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் வெறுங்கட்டங்கள் தோன்றக்கூடும். படமாக்கினால் அக்குறை நேராது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுமாறு தொலைக்காட்சியில் அமைக்கலாம். இதற்கு இணைய இணைப்பும் மாதக் கட்டணமும் வேண்டா. அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் புகையும் படாத இடத்தில் திரையை மாட்டுதல் நலம்.

எழுத்தின் அளவு

பத்து அடித் தொலைவில் நிற்பவர் எளிதில் படிக்க, எழுத்து ஏறத்தாழ ஓர் அங்குல உயரம் இருத்தல் வேண்டும். 32 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. அதன் உயரம் ஏறத்தாழ 16 அங்குலமே. தமிழெழுத்துகளின் மேலும் கீழும் சுழிகள் வருவதால் வரிகளுக்கிடையே போதிய இடம் விட வேண்டும். ஒரு வரிக்கு 2 அங்குலம் எனக் கொண்டால் 8 வரிகளே அடங்கும். ஆகவே காலை உணவு, மாலைச் சிற்றுண்டி, பானங்கள் எனப் பட்டியலைப் பல படங்களாகப் பிரித்தல் தகும்.

பெயரும் விளக்கமும்

தோசையை 'டோசா' என்றும் வடையை 'வடா' என்றும் அங்குள்ளோர் வழங்குவர். மராத்திக்கும் இந்திக்கும் தேவநாகரியே எழுத்தாதலால், அவ்வெழுத்தில் எழுதிய ஒரு வரி இரு மொழியினருக்கும் பயன்படும். ஆனால் உணவின் பெயரையே வேறொரு பெயராக மாற்றுதல் கூடாது. 'பொங்கல்' என்பதைக் 'கிச்சடி' என மாற்றினால், கிச்சடியை எதிர்பார்த்தவர் ஏமாறுவார். பொங்கலும் தன் பெயரை இழக்கும். பெயரை ஒலிபெயர்த்து, அதன்கீழ் 'அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, நெய், முந்திரி' என உட்பொருள்களை மொழிபெயர்த்து எழுதுவதே சிறந்தது. முந்திரி ஒவ்வாத ஒருவருக்கு அந்த ஒரு சொல் உயிர்காப்பாகவும் அமையும்.

விலையின் நேர்மை

திரையில் ஒரு விலையும் கல்லாவில் வேறு விலையும் இருப்பின், வாடிக்கையாளரின் நம்பிக்கை குலையும். விலை மாறிய அன்றே படத்தையும் மாற்ற வேண்டும். தீர்ந்துபோன உணவின் பெயரைத் திரையிலிருந்து நீக்க வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளையில் திரை இருண்டுவிடும். எனவே பழைய கரும்பலகையையும் எறிந்துவிடாது வைத்திருத்தல் அறிவுடைமை.

பள்ளியில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கற்கும் நீங்கள், உங்கள் பகுதியிலுள்ள சிறுகடைக்கு இத்தகைய பட்டியலை எழுதித் தரலாம். எழுதியதைத் திரையில் ஏற்றுமுன், அவ்வம்மொழியை நன்கறிந்தவரிடம் காட்டிப் பிழை திருத்திக்கொள்க.

சொற்பொருள்

படப்புள்ளி – திரையில் உருவத்தை ஆக்கும் மிகச் சிறிய புள்ளி
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
ஒலிபெயர்த்தல் – ஒரு மொழிச்சொல்லை அதன் ஒலி மாறாது வேற்றெழுத்தில் எழுதுதல்
கல்லா – கடையில் பணம் பெறும் இடம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. உணவுப் பட்டியலைப் படமாகச் சேமிப்பது ஏன்?
2. ஒலிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின்வழி விளக்குக.
3. திரை வந்த பின்னும் கரும்பலகை தேவைப்படுவது எதனால்?

ஆ. பிரித்து எழுதுக.
விலைப்பலகை, பாசிப்பருப்பு, அவ்விடம், அறிவுடைமை

இ. கணக்கிடுக.
50 வாட் திறனுள்ள திரை நாள்தோறும் 12 மணி நேரம் இயங்குகிறது. 30 நாளில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும்? (1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட்.)

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டில் சமைக்கும் எட்டு உணவுகளைத் தேர்ந்து, பெயரைத் தமிழிலும் நீங்கள் வாழும் மாநிலத்தின் எழுத்திலும் எழுதி, ஒவ்வொன்றின் உட்பொருள்களையும் அம்மாநில மொழியில் குறிக்கவும்.