வீச்சு வலையும் ஒரு துண்டும்

அன்பு மருமகனுக்கு,

ஈட்டி எறிந்து எறிந்து முழங்கை வலிக்கிறதாம். பள்ளியில் சொல்லாமல் மறைக்கிறாயாம். உன் அம்மா போனில் சொன்னதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைப் போலவே ஈட்டி எறிந்தவர்கள்தான் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். பேஸ்பாலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. வேகமாகப் பந்து எறிபவரைத் தேடி 2008இல் நம் நாட்டில் நடந்த போட்டியில் ரிங்கு வென்றார். இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் எடுத்துக்கொண்டது. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் இவர்கள் கதைதான்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவருக்குப் பாடம் காலில் தொடங்குகிறது. மண்ணை உதைக்கிற பலம் காலிலிருந்து இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். நம் மாரியூர்க் கரையில் வீச்சு வலை வீசுகிறவர்களைக் கவனி. வெறும் கையால் வீசினால் வலை சுருண்டு விழும். இடுப்பு சுழன்றால்தான் வட்டமாக விரியும். அவர்களிடமே நீ பாதி கற்றுக்கொள்ளலாம்.

வீசிய கையை நிறுத்தும் பிரேக், தோளின் பின்பக்கத் தசைகள். அவற்றுக்குத் தனிப் பயிற்சி உண்டு. எறிந்த பந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் போட்டியில் எறிவார். நீ தினமும் எத்தனை முறை எறிகிறாய்? எண்ணியதுண்டா?

ஹவுஸ் பரப்பிய ஒரு பயிற்சிக்குக் காசே வேண்டாம். பந்துக்குப் பதில் கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு, முழு வீச்சையும் செய்து பழகுவது. வலி தீர்ந்தபின் நீயும் செய்யலாம்.

இத்தனை காவல் இருந்தும் முழங்கை தப்புவது நிச்சயமில்லை. உள்பக்க நார் அறுந்தால் பிட்சரின் கதை முடிந்தது என்றே ஒருகாலத்தில் இருந்தது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீரருக்கு முதன்முதலாக அறுவை சிகிச்சை செய்து அதைச் சரிசெய்தார். ரிங்குவும் பின்னாளில் அதே அறுவை சிகிச்சைக்குப் போக நேர்ந்தது.

ஆகவே வலியை மறைப்பதை வீரம் என்று நினைக்காதே, மாப்ளே. திங்கட்கிழமை அம்மாவோடு ராமநாதபுரம் போய் எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டு. அவர் சொல்லும்வரை ஈட்டியைத் தொடாதே.

அன்புடன்,
மாமா