ஸ்வெட் ஷர்ட்டில் ஒரு ஜிப் ஜாக்கெட்

ஊட்டிக்கோ பெங்களூருக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்குத் தலைவழியாக மாட்டும் ஸ்வெட் ஷர்ட் பெரிய தொல்லை. காலையில் குளிரும், பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். வகுப்பில் உட்கார்ந்தபடி அதைக் கழற்றவும் முடியாது. நடுவில் பிளந்து ஜிப் வைத்துவிட்டால் அதே துணி ஜாக்கெட் ஆகிவிடும். ஓவர்லாக் எல்லாம் வேண்டாம் கண்ணு, வீட்டுத் தையல் மெஷினே போதும்.

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போனால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் ஸ்வெட் ஷர்ட் கிடைக்கும். ஒரு சைஸ் பெரிதாக எடு. நெஞ்சில் பெரிய படம் போட்டது வேண்டாம், இரண்டாகப் பிளந்தால் பார்க்கச் சகிக்காது. வாங்கியதும் துவைத்துக் காயப்போடு. பருத்தி சுருங்கும், ஜிப் பட்டி சுருங்காது. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே முன்பக்கம் மேடு பள்ளமாகிவிடும்.

கத்தரியைத் தொடுவதற்கு முன் செய்கிற வேலைதான் முக்கால் வேலை. இதில் அவசரப்படாதே. பின்னலாடைத் துணியை வெட்டினால் ஓரம் இழுபடும், சுருளும். தோள் தையலோடு தோள் தையல், பக்கத் தையலோடு பக்கத் தையல் சேர்த்து மடித்து, முன்பக்க மடிப்பில் சாக்கால் கோடு போடு. கழுத்து ரிப்பை உற்றுப் பார். மேலிருந்து கீழே சின்னச் சின்னப் பள்ளங்கள் ஓடும். கத்தரி ஒரே பள்ளத்தில் இறங்க வேண்டும். பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவினால் ஜிப் போட்டதும் கழுத்து கோணலாகத் தெரியும்.

அடுத்து, உள்பக்கம் கோட்டின் இரு பக்கமும் 1 அங்குல அகலத்தில் ஒட்டுற கேன்வாஸ் பட்டை வை. மேலே ஈரத்துணி போட்டு, அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடு. தேய்த்தால் துணி நீண்டுவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியென்றால் சூட்டைக் குறை. உள்ளே பஞ்சு எழுப்பிய துணியில் ஒட்டு முழுசாகப் பிடிக்காது, அதனால் பட்டையின் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடு. இதெல்லாம் முடிந்த பிறகே வெட்டு. உள்ளே ஒரு காலண்டர் அட்டையை நுழைத்துக்கொள், முதுகுப் பக்கம் வெட்டுப்படாது.

கடையில் 'ஓப்பன் எண்ட்' ஜிப் என்று கேள், 5ஆம் நம்பர் சரியாக இருக்கும். கழுத்து ரிப்பின் உச்சியிலிருந்து இடுப்பு ரிப்பின் அடிவரை அளந்து வாங்கு. சரியான நீளம் கிடைக்காவிட்டால் நீளமானதையே எடுத்து மேல்பக்கம் குறைத்துக்கொள். கீழே இருக்கும் பூட்டை வெட்டினால் ஜிப் பிரயோஜனப்படாது.

ஜிப்பை மூடிவைத்து, ரிப் ஆரம்பிக்கும் இடங்களை இரண்டு பட்டியிலும் சாக்கால் குறித்துக்கொள். ஊசி நூலால் டாக்கா போட்டுப் பிடித்த பிறகு மெஷினில் வை. பால் பாயிண்ட் ஊசி, 14ஆம் நம்பர். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். மெஷினில் ஜிப்புக்கான ஒற்றைக் கால் மாட்டிக்கொள். இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகவே தை. ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் தைத்தால் துணி எதிரெதிராக நகர்ந்து ரிப் தையல்கள் ஏறி இறங்கி நிற்கும். துணியைக் கையால் இழுக்காதே, மெஷின் தானாக எடுத்துக்கொள்ளட்டும்.

உள்ளே தெரியும் வெட்டு ஓரத்துக்குப் பழைய காட்டன் புடவையில் கிராஸ் பீஸ் வெட்டி மூடு, கழுத்தில் உறுத்தாது. முழுசாக லைனிங் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஸ்வெட் ஷர்ட் நீளும், காட்டன் நீளாது. கையை மடக்கும்போது முழங்கையில் பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றி உள்ளே அடைந்திருக்கும் பஞ்சை பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடு. அந்தப் பஞ்சோடு அடுத்த பிளவுஸ் தைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.