பள்ளிப் பிள்ளைகளின் இரத்த சோகையும் கூட்டுறவுச் சங்கங்களின் கடமையும்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், தேக சுகத்தை நாடிப் பல ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் குற்றாலத்திற்கு வந்து சேருகிறார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, சில தினங்கள் தங்கி, உற்சாகத்தோடு ஊர் திரும்புகிறார்கள். அவ்வருவிகளின் நீரைச் சுமந்து வரும் சிற்றாற்றின் கரையிலும், அதற்கு அப்பாலுள்ள மானாவாரிப் பூமியிலும் அமைந்த கிராமங்களில், உயர்நிலைப் பள்ளியில் வாசிக்கும் பிள்ளைகளின் தேக நிலை எவ்வாறிருக்கிறது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் கவனித்தல் வேண்டும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. வீட்டிலுள்ள தாய்மார் தங்கள் பெண்ணின் கீழ் இமையைச் சிறிது இழுத்துப் பார்க்கலாம். உள்ளங்கையையும் நகக் கண்ணையும் பார்க்கலாம். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்குமாயின் அது அசட்டை செய்யத் தக்கதன்று.

இந்நிலைக்கு இரத்த சோகை என்று பெயர். இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுவே. அதனை உண்டாக்க இரும்புச் சத்து இன்றியமையாதது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் அது 12 கிராமுக்குக் குறைந்தால், 12 வயது நிறைந்த பெண் பிள்ளைக்கு இரத்த சோகை உண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்தது. 15 வயது நிறைந்த ஆண்களுக்கு அவ்வெல்லை 13 கிராம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் 31 பேருக்கும் இக்குறை காணப்பட்டது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 53 பேருக்கு இருந்தது. இது பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் ஆண் பிள்ளைகளின் தொகையையும் நோக்குவாராக.

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை தேகம் விரைந்து வளரும் பருவம். குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகளுக்கு அடுத்தபடியாக இவ்வளவு வேகமான வளர்ச்சி வேறெப்போதும் இல்லை. தேகம் வளரும்போது இரத்தத்தின் அளவும் பெருகவேண்டும். பெண் பிள்ளைகளுக்கோ பூப்பெய்திய பின் மாதந்தோறும் இரத்தம் செலவாகிறது. வரவு பழைய அளவிலேயே நிற்கச் செலவு மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கடன் சங்க அங்கத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவாள். மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கும். கணக்கில் கவனம் நிலைக்காது. அவளைச் சோம்பேறி என்று உபாத்தியாயரும் வீட்டாரும் வைவது வழக்கம். சில ஆண்டுகளில் விவாகமாகி, அதே குறைந்த இரத்தத்தோடு அவள் கருவுற்றால், பிரசவ காலத்தில் தாய்க்கு ஆபத்தும், எடை குறைந்த குழந்தையும் நேரக்கூடும்.

இப்பகுதியில் இக்குறை ஏற்படும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு தம்ளர் கடுங்காப்பி. நேரமிருந்தால் பழைய சோறு. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மாகாண சர்க்கார் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. வளரும் பருவம் தொடங்கும் தருணத்தில் பிள்ளை அப்பந்தியிலிருந்து எழுந்துவிடுகிறது. மத்தியான உணவு 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் பரவி, 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் சத்துணவாக விரிந்து, 1984-இல் பத்தாம் வகுப்பு வரை எட்டியது. அதில் முட்டையும் பருப்பும் பின்னர் சேர்ந்தன. ஆயினும் வீட்டில் வசதியுண்டு என்று காட்டிக்கொள்ளும் பொருட்டு, பெரிய வகுப்புப் பிள்ளைகளிற் பலர் தட்டேந்தி நிற்க வெட்கப்படுகிறார்கள். இந்த வெட்கம் வீட்டிலிருந்து வருவது. அதை நீக்குவதும் வீட்டாரின் பொறுப்பே.

மாலையில் கடையம், ஆழ்வார்குறிச்சி முதலிய இடங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல வீடுகளில் பீடித் தட்டு காத்திருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுவதால், தாய்க்குத் துணையாக மகளும் இலை வெட்டவும் நூல் கட்டவும் உட்காருகிறாள். புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டு குனிந்த முதுகோடு மணிக்கணக்கில் இருப்பது வளரும் தேகத்திற்கு நல்லதன்று. மேலும், பசியை மறக்க இடையிடையே தேநீர் வருகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கும். ஆகாரத்திற்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இதில் வருந்தத் தக்கது யாதெனில், மருந்தாகும் பொருள்கள் இந்த ஜில்லாவிலேயே மூட்டை மூட்டையாக ஏற்றுமதியாவதுதான். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி மலையாள தேசத்திற்குப் போகிறது. புளியங்குடி எலுமிச்சம்பழம் எங்கெங்கோ செல்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் தேகத்தில் ஒட்டாது. அதனோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகிய ஒன்றைச் சேர்த்தால் நன்கு ஒட்டும். முருங்கைக் கீரைப் பொரியலின் மேல் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிவதற்குச் செலவு என்ன ஆகும்? சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பூமியில் முன்னோர் உண்ட கம்பில், 100 கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய பச்சரிசியில் 1 மில்லிகிராமும் இல்லை. கம்பங்கூழ் ஏழைகளின் ஆகாரம் என்று ஒதுக்கப்பட்டதில் நஷ்டமடைந்தது பிள்ளைகளின் இரத்தமே.

கொக்கிப் புழுவையும் மறக்கலாகாது. திறந்த வெளியில் மலங்கழிக்கும் இடத்தில், நிழலும் ஈரமுமுள்ள மண்ணில் இதன் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலின் தோல் வழியே ஏறிக் குடலிற் சென்று பற்றி இரத்தத்தை உறிஞ்சும். 1920-களிலேயே ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் சென்னை மாகாணத்தில் இப்புழுவை ஒழிக்க வேலை செய்தனர். இக்காலத்தில் பள்ளிகளில் ஆறு மாதத்திற்கொருமுறை தரப்படும் அல்பென்டசோல் மாத்திரை இதற்கானது. சாரல் காலத்தில் செருப்பும், எக்காலத்திலும் கழிப்பறையும் இல்லாவிடில் போன புழு திரும்பவும் வரும்.

இனி, வாரந்தோறும் தரப்படும் நீல மாத்திரையைப் பற்றி. இத்திட்டம் 2013-ஐ ஒட்டி நாடெங்கும் பரவியது. மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. பிள்ளைகளிற் பலர் இதை வாயில் அடக்கிக்கொண்டு போய்ச் சன்னல் வழியே துப்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் கொடுத்த எண்ணிக்கை சரியாக இருக்கும். சங்கத்தின் ரொக்கப் புத்தகம் சரியாக இருந்து பெட்டி காலியாக இருப்பது போன்றதே இது. துப்புவதற்குக் காரணங்கள் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மறுநாள் மலம் கறுக்கும். அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். இது கர்ப்பத் தடை மாத்திரை என்ற வதந்தியும் உலவுவதுண்டு. அது முழுப் பொய். கறுப்பு நிறம், குடல் ஏற்காது மிஞ்சிய இரும்பினால் வருவது, அதனால் தீங்கில்லை. வயிறு நிறைய உண்ட பின் விழுங்கினால் குமட்டல் பெரும்பாலும் வராது. தாலசீமியா என்னும் பரம்பரை வியாதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டரின் யோசனையின்றிக் கொடுக்கலாகாது.

கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு இவ்விடத்திலேதான். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவன. 2023 முதல் ஜில்லாக்களெங்கும் அக்கடைகளில் செறிவூட்டிய அரிசி தரப்படலாயிற்று. அரிசி மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி-12 ஆகியவற்றைக் கலந்து இயந்திரத்தால் அரிசி வடிவாக்கிய மணிகள், நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் அதில் சேர்க்கப்பட்டன. இதைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி, நீரில் மிதந்த மணிகளை அரித்தெடுத்துக் கோழிக்குப் போட்ட வீடுகள் உண்டு. சங்கத்தின் விற்பனையாளர் கைப்பிடி அரிசியைத் தட்டில் பரப்பிக் காட்டி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சத்து கோழிக்குப் போயிராது. நிறை பார்த்துப் போடுவதோடு தம் வேலை தீர்ந்தது என்று அவர் எண்ணுவாராயின், நிர்வாகக் குழுவினர் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் துவரம் பருப்பை வெளியில் விற்றுவிடும் வழக்கத்தைப் பற்றியும் அங்கத்தினர் கூட்டத்தில் பேசலாம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

அங்கத்தினரிற் பலர் பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம். அக்குழுவில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. மாத்திரை நாள் எது? உணவுக்குப் பின்னரா கொடுக்கிறார்கள்? உபாத்தியாயர் கண்முன் விழுங்கச் செய்கிறாரா? பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? தண்ணீர் வராத பள்ளியில் பெண்கள் நாள் முழுதும் நீர் அருந்தாதிருக்கிறார்கள்; மாதவிலக்கு நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலை தனியாகக் கவனிக்கத் தக்கது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடியும்படி அமைந்தது. மாத்திரையோ அவர்களுக்கும் உண்டு. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடிவந்து, மத்தியானச் சோறும் கொண்டுவராத பிள்ளை, காலி வயிற்றில் அதை விழுங்க வேண்டியிருக்கிறது. விதிகள் இடந்தரும் அளவில் சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்தோ, அங்கத்தினர் தரும் தானியத்திலிருந்தோ, வாரத்தில் அந்த ஒரு நாளைக்காவது பயற்றுச் சுண்டலும் ஒரு நெல்லிக்காயும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்யலாம். ஐம்பது பிள்ளைகளுக்கு நாலைந்து படி பயறு போதும். ஊறவைப்பதை முதல் நாள் இரவே யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.