செயினில் தொய்வு எதற்கு?

செயின் டிரைவ் என்றால் இரண்டு மார்க் கேள்வி என்று படித்துவிட்டுப் போகிறோம். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 முதல் நம் ஊர்ச் சந்தைக்கு மூட்டை சுமப்பது மொபெட்தான். அதன் செயினை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள், பாடம் தானாகப் புரியும்.

"செயின் நீண்டு போச்சு" என்கிறோமே, தகடு இழுபட்டா நீளுகிறது? இல்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்களும் புஷ்களும் உரசித் தேய்கின்றன. கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால் 100 கண்ணிச் செயின் 10 மி.மீ. நீண்டுவிடும்! சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பிட்ச் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். அது மாறினால் செயின் பல்லின் அடியில் உட்காராது, மேலே ஏறும். பல்லும் கொக்கி மாதிரி வளைந்து தேயும்.

சரி, தொய்வே இல்லாமல் இறுக்கிவிட்டால்? இதுதான் பலரும் செய்கிற காரியம். என் அப்பா மொபெட்டில் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிறவர். ஒரு கடையில் "டைட்டா இருந்தாத்தான் இழுக்கும்"னு சொல்லி இறுக்கி அனுப்பினார்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது லேசாக ஆடியது. இரண்டு மூட்டை ஏற்றியதும் கம்பியாக நின்றது. ஏன்? ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சும் முன் பல்சக்கரத்தின் அச்சும் ஒரே இடத்தில் இல்லை. சுமையில் ஷாக் அப்சார்பர் அமுங்க, முன் பல்சக்கரம், ஆர்மின் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் நேர்கோட்டை நெருங்கும். நேர்கோட்டில்தான் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடைவெளி அதிகம். அப்போது விட்டுக்கொடுக்கத் தொய்வு இல்லையென்றால் இழுவை முழுக்க பேரிங்கின் தலையில். புது பேரிங் போட்ட நாளில் அப்பாவின் சம்பாத்தியம் அதற்கே சரியாய்ப் போச்சு.

ரொம்ப லூஸும் ஆகாது. செயின் கழன்று சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

எஞ்சினை அணைத்து ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். விரல் பல்லிடம் போகக் கூடாது! கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் மேலும் கீழும் எவ்வளவு ஆடுது என்று நாலைந்து இடத்தில் அளக்கணும். எல்லாக் கண்ணியும் ஒன்றுபோல் தேயாது. ரொம்ப இறுகும் இடத்தை வைத்துத்தான் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யணும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணும், செயின் பல்லின் பக்கவாட்டைத் தின்னும். நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளக்கணும், முறுக்கும்போதே மாறியிருக்கும். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பெடல் ஆட்டத்தைச் சரிபாருங்கள், இல்லையேல் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும்.

இணைப்புக் கண்ணியின் கிளிப்பையும் ஒரு பார்வை பாருங்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கணும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டு கழன்றுவிடும்.