ஒரு சாண் தூரம்

அன்புள்ள தங்கைக்கு,

ஏரியில் யாருக்கு எந்த நாள், எந்த இடத்தில் வலை என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறையைப் பற்றிப் பழவேற்காட்டுப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதியப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது, ஸ்டாண்டோடு வரும் கண்டன்சர் மைக் வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம்.

அந்த மைக்கில் குறையில்லை, அதை வைக்கப் போகும் இடத்தில்தான் சிக்கல். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டில் வெறும் சுவர் நாலும் பேச்சைத் திருப்பி அடிக்கும். அதோடு பக்கத்து வீட்டு மிக்சி, கரைக்கு வரும் படகின் டீசல் எஞ்சின், உன் வீட்டு ஃபிரிட்ஜ். மேசையில் நிற்கும் கண்டன்சர் இத்தனையையும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்ளும். ஸ்டுடியோக்காரர்கள் மைக்குக்குச் செலவிடுவதற்கு முன்னால் சுவருக்குச் செலவிடுகிறார்கள்.

வயர் வைத்த காலர் மைக் வாங்கு. போயா எம்1 போன்றது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஆறு மீட்டர் வயரோடு. மலிவு என்று இளக்காரம் வேண்டாம். உள்ளே இருப்பது எலக்ட்ரெட் வகை. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கியது. மின்னூட்டத்தைத் தனக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும் மெல்லிய படலம் என்பதால் வெளியிலிருந்து பெரிய மின்னழுத்தம் கொடுக்கத் தேவையில்லை; விலை இறங்கியதும் அதனால்தான்.

இனி தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். அது இரண்டு சாணானால் குரல் ஆறு டெசிபல் இறங்கிவிடும்; அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். விலையுயர்ந்த மைக்கை எட்ட வைப்பதைவிட மலிவு மைக்கைக் கிட்ட வைப்பது மேல் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆனால் உன் ஆட்கள் பாதிப்பேர் சட்டை போடாதவர்கள். காலர் மைக்கை எங்கே மாட்டுவாய்? தோள்துண்டில் மாட்டினால் அவர் துண்டை உதறும்போதெல்லாம் இடி இடிக்கும். மருந்துக்கடை டேப்பால் நெஞ்சிலேயே ஒட்டிவிடு, கேட்டுக்கொண்டு. பாட்டிமார் என்றால் தாலிச்சரடும் ஜெபமாலையும் உரசாத பக்கம் பார்த்துப் புடவையில் குத்து.

மாதா கோயில் திருவிழாவில் கையில் பிடித்துப் பேசும் அஹுஜா டைனமிக் மைக்கும் சத்தமான இடத்துக்கு நல்லதுதான். ஆனால் அதைப் போனோடு இணைக்கும் கருவிக்கு மைக்கைவிட அதிகமாகச் செலவாகும். மலிவு வயர்லெஸ் இப்போதைக்கு வேண்டாம். பெரியவர் பேச்சில் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துச் சார்ஜ் தீரும்.

மிச்சப் பணத்தில் முடி வைத்த காற்றுறை ஒன்று வாங்கு. வாடைக் காற்றுக்கு மைக்கோடு வரும் பஞ்சு உறை தாங்காது. உன் போனில் பழைய இயர்போன் துளை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டரும் வேண்டும். சில கன்வெர்ட்டர்களில் பாட்டு கேட்கலாம், மைக் வேலை செய்யாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் கடையிலேயே பேசிப் பதிந்து பார். மைக்கில் இருக்கும் சுவிட்ச் போன் பக்கம் இருக்கட்டும். பதியும்போது போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும்.

உப்புக் காற்று மைக்குக்கு ஆகாது. போனில் செருகும் முள்ளில் பச்சைக் களிம்பு ஏறினால் கரகரக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டு வை.

பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை வானொலியைக் கேட்டுப் பார். பின்னால் அலை இரைந்தால் யாரும் கோபிப்பதில்லை என்பது என் எண்ணம். பேச்சு புரியாவிட்டால்தான் அணைத்துவிடுவார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் அன்று மட்டும் நேர்காணல் வைத்துக்கொள்ளாதே. மைக்கைத் தனியே வெளியில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிந்துகொள்.

முதல் பதிவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்